பால் பைத்தானின் சட்டை துண்டு துண்டாக உரிகிறது, இரையும் எடுப்பதில்லை: என்ன செய்வது?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. ஐந்து மாதத்துக்கு முன் வாங்கிய பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பு), 380 கிராம் எடை, பெருந்துறையில் உங்கள் வீட்டில் வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. போன வாரம் சட்டை துண்டு துண்டாக உரிந்திருக்கிறது. வால் நுனியில் ஒரு வளையம் நிற்கிறது, இடது கண்ணிலும் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் தெரிகிறது. மூன்று வாரமாக இரை எடுக்கவில்லை. கடைக்காரர் உயிரெலியைப் போடச் சொல்கிறார், நண்பர் பிராய்லர் கறித் துண்டைப் போடச் சொல்கிறார், இன்னொருவர் கண்ணில் இருப்பதை டுவீசரால் எடுத்துவிடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. மூவர் பேச்சையும் கேட்க வேண்டாம். சட்டையையும் இரையையும் தனித்தனிக் கோளாறாக நினைத்துத் தனித்தனியாக மருந்து தேடுகிறீர்கள். நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தொட்டிக்குள் இருக்கும் சூடும் ஈரமும்.

இந்தப் பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பகலின் பெரும்பகுதியை எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கறையான் புற்றுகளிலும் சுருண்டு கிடந்தே கழிக்கும். வெளியே காற்று காய்ந்து கிடந்தாலும் வளைக்குள் ஈரம் நிற்கும், வெப்பமும் அதிகம் ஏறி இறங்காது. நம் பக்கத்து மாசி மாதம் இதற்கு நேர் எதிர். இரவில் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது, மதியம் 34, 35 போகிறது, பல நாட்கள் மதியக் காற்றில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போய்விடுகிறது. அதற்கு மேல் மின்விசிறியும் வலைமூடியும் சேர்ந்தால் தொட்டிக்குள் இருக்கிற கொஞ்ச ஈரமும் ஒரு மணி நேரத்தில் ஓடிவிடும். இரவில் உடம்பு குளிர்ந்த பாம்புக்குச் செரிமானம் நடக்காது. அதனால் அது இரையைத் தொடாது. காய்ந்த காற்றில் கிடக்கும் பாம்புக்குச் சட்டை முழுசாகக் கழலாது.

எனவே முதல் வேலை அளப்பது. கடிகாரம்போல் முள் ஓடும், கண்ணாடியில் ஒட்டிவைக்கும் மீட்டர்கள் நம்பத் தகுந்தவை அல்ல. நுனியில் சென்சார் கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மோமீட்டர் இரண்டும், ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். ஒரு சென்சாரைச் சூடான பக்கத்து மறைவிடத்தின் உள்ளே தரையோடு வையுங்கள், இன்னொன்றைக் குளிர்ந்த பக்கத்தில். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் எந்த மூலையும் 24-க்குக் கீழே போகக் கூடாது. ஈரப்பதம் சாதாரண நாட்களில் 55 முதல் 65 சதவீதம், சட்டை உரிக்கும் நாட்களில் 70-ஐ ஒட்டி. விடிகாலை ஐந்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் மூன்று நாள் குறித்துப் பாருங்கள். உங்கள் சிக்கல் அந்த ஆறு வரிகளில் தெரிந்துவிடும் என்றே எதிர்பார்க்கிறேன்.

சூட்டுக்கு ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டுப் பாய்) வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பற்றிச் சொல்லவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராக பிளக்கில் செருகிய மேட், பாம்பின் அடிவயிற்றைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறும். பாம்பும் விலகாமல் அதன் மேலேயே கிடந்து புண்ணாக்கிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட்டுக்கும் தொட்டியின் அடிப்பாகத்துக்கும் இடையில் வைத்து, உள்ளே தரைச்சூடு 32 வரும் வரை கூட்டிக் குறைத்து நிறுத்துங்கள். மேட் தொட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவக் கூடாது. அதற்கு மேலே தொட்டித் தரையில் பரப்பும் பொருளை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் போடுங்கள். கனமாகப் போட்டால் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும். மறைவிடம் இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. பாம்பு சுருண்டால் முதுகும் பக்கங்களும் சுவரில் உரசுகிற அளவு போதும். பெரிய மறைவிடத்தில் இதற்குப் பாதுகாப்பு உணர்வு வராது, பயந்த பாம்பு இரை எடுக்காது.

ஈரத்துக்கு நம் ஊரிலேயே நல்ல சரக்கு கிடைக்கிறது. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்து மில்களில் வரும் தேங்காய் மட்டைச் சில்லும் கோகோபீட்டும் (கட்டியாக அழுத்திய மட்டைத் தூள்) இதற்கு மிகப் பொருத்தம். 650 கிராம் கட்டி ஒன்று ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் குடித்து எட்டு, ஒன்பது லிட்டர் அளவுக்கு உப்பும். ஆனால் செடிக்கு வாங்குவதை அப்படியே கொட்டாதீர்கள். மட்டையில் உப்பும் துவர்ப்புச் சாயமும் இருக்கும்; வடியும் தண்ணீர் தெளிவாகும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து, நிழலில் அரைக்காய்ச்சலாக உலர்த்துங்கள். தூள் மட்டும் போட்டால் காய்ந்ததும் புழுதி எழும், சில்லும் தூளும் சமபங்கு கலந்தால் சரியாக இருக்கும். கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. மேட் இல்லாத பக்கத்தில் 5 முதல் 7 சென்டிமீட்டர் கனம் போட்டு, மூலைகளில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல்பரப்பு காய்ந்தும் இருக்கும். நாளுக்கு மூன்று முறை ஸ்பிரே அடிப்பவர்கள் அதிகம்; அது பத்து நிமிடம் மீட்டரை ஏற்றிக் காட்டும், மேல்பரப்பைச் சொதசொதவென்று ஆக்கி அடிவயிற்றுச் செதிலை அழுக வைக்கும். வலைமூடியில் முக்கால் பங்கை அக்ரிலிக் தகடால் மூடிவிடுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கிறது.

இப்போது சட்டை. பழைய தோலுக்கும் அடியில் வளர்ந்த புதிய தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய திரவம் ஊறுகிறது. உடம்பு மங்கி, வயிறு ரோஸ் நிறமாகி, கண் நீலம் பாரித்த பால்நிறமாவது அதனால்தான். சில நாளில் கண் மறுபடி தெளிந்துவிடும். அதைப் பார்த்துச் சட்டை எப்போதோ உரிந்துவிட்டது என்று பலர் ஏமாறுவார்கள்; தெளிந்த பிறகு இன்னும் மூன்று நாலு நாள் கழித்துத்தான் உதட்டோரத்தில் தோல் பிளந்து, கரடுமுரடான எதிலாவது மூக்கைத் தேய்த்துச் சட்டையை உள்பக்கம் வெளியாகப் புரட்டிக்கொண்டு பாம்பு வெளியே வரும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்று முதல் இரண்டு வாரம். வளரும் குட்டிக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும், பெரிய பாம்புக்கு இடைவெளி கூடும். அந்த நாட்களில் உடம்பில் நீர் குறைந்திருந்தாலோ காற்று காய்ந்திருந்தாலோ பழைய தோல் புதிய தோலோடு ஒட்டிக் காய்ந்து, கிழிந்து கிழிந்து வரும். பாம்புக்குச் சரியாகப் பார்வை தெரியாத நாட்கள் இவை. கையில் எடுக்காதீர்கள், இரையும் காட்டாதீர்கள். உங்கள் மூன்று வாரத்தில் ஒரு வாரத்துக்கு மேல் இந்தக் கணக்கிலேயே கழிந்துவிடும்.

வால் நுனி வளையத்தை இன்றே கவனியுங்கள். அது காய்ந்து இறுகினால் ரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்து விழுந்துவிடும். மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று, பூத்துவாலை ஒன்று போதும். பக்கத்துச் சென்னிமலைத் தறித் துண்டாக இருந்தால் சொரசொரப்பு இன்னும் நல்லது. துண்டை 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மடிப்பு மடிப்பாக டப்பாவில் போட்டு, பாம்பை உள்ளே விட்டு மூடி 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். டப்பா குளிராத இடத்தில் இருக்கட்டும், நீங்களும் பக்கத்தில் இருங்கள். மடிப்புகளுக்குள் நுழைந்து நுழைந்து பாம்பே பாதியை உரித்துவிடும். பிறகு ஈரத்துண்டை உள்ளங்கையில் வைத்து, வாலைத் தளர்வாகச் சுற்றிப் பிடித்து, பாம்பைத் தானாக முன்னே ஊர விடுங்கள். இழுப்பது அது, நீங்கள் இழுக்கக் கூடாது. முதல் நாள் வராவிட்டால் ஒருநாள் விட்டு மறுபடி செய்யலாம். மூன்று முறைக்கும் மசியாமல் நுனி கறுக்கத் தொடங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். தேங்காய் எண்ணெய், மஞ்சள் பத்து இரண்டும் வேண்டாம். ஈரோட்டு மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மஞ்சளைக் குறை சொல்வது தப்புதான், ஆனால் ஒட்டிய தோலை இளக்குவது தண்ணீர் மட்டும்தான். எண்ணெய் தடவினால் கோகோபீட் தூள் முழுக்க உடம்பில் அப்பிக்கொள்ளும்.

கண் வேறு விஷயம். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேலே கண்ணாடிபோல ஒரு செதில் நிரந்தரமாக இருக்கிறது, சட்டையோடு அதன் மேல்தோலும் உரியும். உரிந்த துண்டுகளில் தலைப்பகுதியைத் தேடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கண்ணிடத்திலும் குமிழ்போன்ற மூடி இருந்தால் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஓட்டையாக இருந்தால் மூடி கண்ணிலேயே நின்றுவிட்டது. உங்கள் படத்தை வைத்து எது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் நீர்ச்சத்து குறைந்த பாம்பின் கண் குழிவிழுந்தும் இப்படித்தான் தெரியும். எதுவானாலும் டுவீசர், செல்லோடேப், நகம் மூன்றும் கூடாது. மேல்மூடிக்குப் பதில் நிரந்தரச் செதிலைப் பிய்த்துவிட்டால் கண் போய்விடும். ஈரத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த சட்டைக்குக் காத்திருங்கள், பெரும்பாலும் அதோடு சேர்ந்து வந்துவிடும். இரண்டாவது முறையும் நின்றால் மட்டும் மருத்துவர் கை வைக்கட்டும். கண்ணைச் சுற்றி மிளகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தாலோ தண்ணீர்க் கிண்ணத்தில் மிதந்தாலோ அது உண்ணி. அதுவும் சட்டையைக் கெடுக்கும். மாட்டுக்கும் நாய்க்கும் தடவும் உண்ணி மருந்தைக் கலந்து ஊற்றிவிடாதீர்கள். அளவு தெரியாமல் போட்டால் உண்ணிக்கு முன்னால் பாம்பு செத்துவிடும். அந்துருண்டையும் விஷம்தான்.

இரைக்கு வருவோம். 380 கிராம் குட்டிக்கு உடல் எடையில் பத்து சதவீதத்தை ஒட்டிய இரை போதும், அதாவது 35 முதல் 45 கிராம் எடையுள்ள, பால்குடி மறந்த வெள்ளை எலி. பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒன்று. இரையின் பருமன் பாம்பின் நடுவயிற்றுப் பருமனைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளர வளர இந்தச் சதவீதத்தைக் குறைத்து இடைவெளியைக் கூட்ட வேண்டும். பெரிய பாம்புக்கு மூன்று, நாலு வாரத்துக்கு ஒரு எலி தாராளம். கொடுப்பதைக் கொன்று உறைய வைத்த எலியாகக் கொடுங்கள். பசியில்லாத பாம்போடு உயிரெலியை இரவு முழுக்க விட்டால் எலி பாம்பைத் தின்னத் தொடங்கும். முதுகெலும்பு தெரியக் கடிபட்ட பாம்புகள் சிகிச்சைக்கு வருவது புதிதல்ல. வீட்டிலோ களத்திலோ பொறியில் விழுந்த எலி கூடவே கூடாது. நெல், கடலை, மஞ்சள் எதுவானாலும் காட்டில் புரோமடையலோன், ஜிங்க் பாஸ்பைடு போன்ற எலி விஷம் வைக்காத பருவமில்லை. அந்த எலியின் வயிற்றில் இருக்கும் நஞ்சு பாம்பு வயிற்றுக்குப் போகும்.

பிராய்லர் கறித் துண்டு ஏன் ஆகாது என்றால், பாம்புக்கு வேண்டியது முழு விலங்கு. எலும்பில்தான் சுண்ணாம்புச் சத்து, ஈரலில்தான் வைட்டமின். வெறும் சதையில் பாஸ்பரஸ் ஏறிச் சுண்ணாம்பு குறையும். கோழிக்குஞ்சு பற்றிக் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருக்கும். நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகங்களில் கழிக்கும் ஆண் குஞ்சு ஒருநாள் வயதில் ஏறக்குறைய 40 கிராம், உங்கள் பாம்புக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். காட்டில் சிறிய பால் பைத்தான்கள் பறவைகளையும் பிடித்துத் தின்கின்றன. அதனால் அடம்பிடிக்கும் பாம்பின் பட்டினியை முறிக்க ஒருமுறை கொடுக்கலாம் என்பது என் கருத்து. அதையே பழக்கமாக்கினால் மலம் நீர்த்துப் போகும், ருசி பிடித்துக்கொண்டு எலியைத் திரும்பிப் பார்க்காது, சால்மொனெல்லா வாய்ப்பும் கூடும். முட்டையை இது சீண்டாது. பாலைப் பற்றிப் புற்றுக்கோயிலோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். தொட்டிக்குள் பால் வேண்டாம், சுத்தமான தண்ணீர் போதும்.

கொடுக்கும் முறையில்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள். உறைந்த எலியை முந்தைய இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள் (தனி டப்பாவில், தோசைமாவுக்குப் பக்கத்தில் அல்ல). மாலையில் ஜிப் கவரில் போட்டு 40 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் மேல்தோல் 38-ஐ ஒட்டி வரும், தலைப்பகுதி இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கலாம். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே வெந்து வயிறு வெடிக்கும், கொதிநீரும் கூடாது. நடுவில் அமுக்கிப் பாருங்கள், உள்ளே கட்டி இருந்தால் இன்னும் இளகவில்லை. ஈரத்தைத் துடைத்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு, அறை விளக்கை அணைத்துவிட்டு, 30 சென்டிமீட்டர் நீளக் கிடுக்கியால் மறைவிடத்தின் வாசலில் காட்டுங்கள். பால் பைத்தானின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. சூடு இல்லாத எலி அதற்கு இரையாகவே படாது. முகத்தில் இடிக்காமல், உயிருள்ளதுபோல் லேசாக ஓரிரு அசைவு மட்டும். பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் வாசலிலேயே வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். காலையில் இருந்தால் எறிந்துவிடுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள். அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்துத்தான். தினம் தினம் காட்டினால் பாம்பு இன்னும் பின்வாங்கும். எடுத்த பிறகு 48 மணி நேரம் தொடாதீர்கள். கக்கிவிட்டால் குறைந்தது பத்து நாள் இடைவெளி விட்டு, பாதி அளவு இரையில் தொடங்குங்கள். குளிர், பெரிய இரை, சீக்கிரம் கையில் எடுத்தது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

மூன்று வாரப் பட்டினி பார்த்துப் பயப்பட வேண்டியதல்ல. இந்த இனத்தில் வளர்ந்த பாம்புகள் குளிர்மாதங்களில் இரண்டு, மூன்று மாதம் வாய் திறக்காமல் இருந்து, எடை அதிகம் இறங்காமல் மறுபடி தின்னத் தொடங்குவது சகஜம். ஆனால் குட்டிக்கு அந்தச் சலுகையை அப்படியே கொடுக்க முடியாது. நாட்களை எண்ணாமல் எடையைப் பாருங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, மலம் கழித்த பிறகு. 380-லிருந்து 342 கிராமுக்குக் கீழே, அதாவது பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வாயில் திணித்து ஊட்டும் வீடியோக்களைப் பார்த்து நீங்கள் முயல வேண்டாம்.

சித்திரையை இப்போதே யோசித்துவையுங்கள். ஈரோடு, கரூர்ப் பக்கம் 40 டிகிரி போகும்போது, கான்கிரீட் தளத்துக்குக் கீழே மாடி அறையில் இருக்கும் தொட்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும். தொட்டிக்குள் எல்லா மூலையும் 35-ஐத் தாண்டினால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை, அதற்கு மேல் சில மணி நேரமே உயிருக்கு ஆபத்து. கீழ்வீட்டில் தரையோடு, வெயில் படாத அறைக்கு மாற்றி ஹீட் மேட்டை அணைத்துவிடுங்கள். ஏசி காற்றை உலர்த்தும். தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் இந்த விஷயத்தில் பாம்புக்கும் உதவும், நேராக அடிக்காமல் அறையில் ஓடினால் போதும். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்து வீடுகளில் ஜன்னலோரத் தொட்டி குளிர்ந்து காய்வதையும் பார்க்கலாம்.

சட்டப்படியான பதிவுப் பத்திரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பால் பைத்தான், அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் (CITES) இரண்டாம் இணைப்பில் உள்ள இனம். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் 2024 விதிகளின்படியும், இதை வைத்திருப்பவர் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் (PARIVESH) இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஐந்து மாதம் ஆகிவிட்டது, இனியும் தள்ளாமல் விற்றவரிடம் மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, மாவட்ட வன அலுவலகத்தில் விசாரியுங்கள். பயந்துபோய்ச் சென்னிமலைக் காட்டில் கொண்டுபோய் விடுவது எல்லாவற்றையும்விட மோசம். அந்நிய இனமும் அதன் நோயும் நம் பாம்புகளுக்குப் போகும். தொட்டி மூடிக்குப் பூட்டும் போடுங்கள். வெளியே வந்தால் இதன் பழுப்புத் திட்டுகளைக் கண்ணாடி விரியன் என்றே அக்கம்பக்கம் நினைக்கும், தடியெடுக்க நேரமாகாது. நம் நாட்டு மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி எதையும் வளர்க்கவே சட்டம் இடம் கொடுக்காது.

தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டிலிருந்தால் பாம்பிடமிருந்து தள்ளியே வையுங்கள். வாயைத் திறந்தபடி மூச்சுவிடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் கீச்சொலி, வாயோரம் நுரை, வயிற்றுச் செதிலில் சிவப்பு அல்லது கொப்புளம், தலையை நிமிர்த்த முடியாமல் திருகுவது, இவற்றில் எது தெரிந்தாலும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. போனில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்களுக்குக் கோவையின் ஊர்வன பார்க்கும் தனியார் மருத்துவர்களும் எட்டும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும். போகும்போது பாம்பைத் தலையணை உறையில் விட்டு உறையின் வாயைக் கட்டி, காற்றோட்டமுள்ள தெர்மாக்கோல் பெட்டியில் வையுங்கள். பைக்கில் வெயிலில் வேண்டாம், விடிகாலையில் காரில் போங்கள். எடைக் குறிப்பு, வெப்பமும் ஈரமும் எழுதிய தாள், உரிந்த சட்டைத் துண்டுகள், அன்றைய மலம் இருந்தால் சுத்தமான சிறு டப்பாவில் குளிர்ச்சியாக, இவ்வளவும் கையில் இருக்கட்டும். பண்ணையில் பொரித்து இறக்குமதியான குட்டிகளில் குடற்புழு அதிகம், அந்த மலத்தைப் பார்த்தால்தான் அது தெரியும்.